ரவையளவு வெளிச்சம்

போன வெள்ளிக்கிழமை, விளக்கேற்றுகிற நேரம். எதிர் வீட்டுச் செல்வி கையில் ஒரு பளபளப்பான காகிதத்தோடு வந்தாள். பின்னாலேயே அவள் மகள் கவிதா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"டீச்சரம்மா, நீங்கதான் இவளுக்குப் புத்தி சொல்லணும். தை பிறந்தா பெண் பார்க்க வர்றாங்க. அதுக்குள்ளே இந்தச் சோடாபுட்டிக் கண்ணாடியைத் தலைமுழுகணும். லேஸர் வச்சு அரை மணியிலே முடிச்சுடறாங்களாம். கத்தி கிடையாது, தையல் கிடையாது. இவ என்னடான்னா பயந்து சாகறா!"

"பயமில்லே டீச்சர். என்ன பண்ணப் போறாங்கன்னு தெரியாம எப்படிப் போய்ப் படுத்துக்கறது? அதைக் கேட்டா அம்மாவுக்குக் கோபம் வருது" என்றாள் கவிதா.

நியாயமான கேள்விதானே? வாழைக்காய் வாங்கினால்கூட நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். கண்ணைக் கொடுப்பதற்கு முன் நாலு கேள்வி கேட்கக் கூடாதா?

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். 'ஃபெம்டோ லேஸர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த வார்த்தையைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? "உட்கார் செல்வி, காபி போடறேன். கொஞ்சம் நீளமான கதை" என்றேன். அன்றைக்கு அவர்களிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அந்த லேஸருக்கு வழி செய்தவர்களில் ஒருவர் பெண். பெயர் டோனா ஸ்ட்ரிக்லாண்ட். கனடா நாட்டில், ஒன்டாரியோ மாகாணத்துக் குவெல்ஃப் என்ற ஊரில் 1959ஆம் வருஷம் பிறந்தவர். அப்பா எலெக்ட்ரிகல் எஞ்சினியர், அம்மா இங்கிலீஷ் டீச்சர். சின்ன வயதில் குடும்பத்தோடு டொரான்டோ பக்கம் ஒரு விஞ்ஞானக் காட்சிசாலைக்குப் போனார்களாம். அங்கே பெரிதாக ஒரு லேஸர் வைத்திருந்தார்கள். அப்பா மகளைக் கூப்பிட்டுக் காட்டி, வரப்போகிற காலம் இதனுடையது என்றாராம். நாமும்தான் பெண் குழந்தைகளைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போகிறோம். ராட்டினத்தையும் டெல்லி அப்பளத்தையும் தாண்டி என்ன காட்டுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பெண் மக்மாஸ்டர் யூனிவர்ஸிடியில் எஞ்சினியரிங் பௌதிகம் எடுத்துக்கொண்டாள். வகுப்பில் 25 பேர். பெண்கள் மூன்றே பேர். 1981ல் பட்டம் வாங்கிக்கொண்டு அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டர் யூனிவர்ஸிடியில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அங்கே வழிகாட்டியாக அமைந்தவர் ஜெரார் மூரூ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி.

அப்போது லேஸர்காரர்களுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. லேஸர் என்பது 1960ல் பிறந்தது. அதன் வெளிச்சத்தை ஒரே தாரையாக விடாமல், துண்டு துண்டாக, துடிப்புத் துடிப்பாகவும் விடலாம். துடிப்பு எவ்வளவு குட்டையோ அவ்வளவு வேகம். உலக்கையை அரிசிமேல் மெதுவாக இறக்கி வைத்தால் மாவாகுமா? அதே உலக்கை, ஓங்கிப் போட்டால்தானே இடிபடுகிறது! குட்டைத் துடிப்பு ஓங்கிப் போட்ட உலக்கை.

ஆனால் அந்தக் குட்டைத் துடிப்பை இன்னும் பலமாக்க வேண்டும் என்று பெருக்கிக் கண்ணாடி வழியாக அனுப்பினால், பலம் ஏற ஏற வெளிச்சம் தானே உள்ளுக்குள் குவிந்து, பெருக்குகிற கண்ணாடியையே பொசுக்கிவிடும். குழம்பைக் கொதிக்க வைக்கப்போய்ச் சட்டியே விண்டுபோன கதை. விலை உயர்ந்த சட்டி வேறு!

மூரூவும் டோனாவும் கண்ட வழியைக் கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். கோயில் அன்னதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் ஒரே சமயத்தில் வாசலில் முண்டியடித்தால் நிலைப்படியே பெயர்ந்துவிடும். அதே நூறு பேரை வரிசையில் நிறுத்தினால்? ஒவ்வொருவராக உள்ளே போய், ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, வெளியே வந்து மறுபடி ஒரே கூட்டமாக நின்றுகொள்ளலாம். வாசலுக்கும் சேதமில்லை, கூட்டத்தின் கையும் நிறைந்தது. அவர்கள் துடிப்பை முதலில் நீளமாக இழுத்தார்கள். இழுத்தபின் பலம் ஏற்றினார்கள். ஏற்றியபின் சுருக்கினார்கள்.

வெளிச்சத்தை எப்படி இழுப்பது? 1.4 கிலோமீட்டர் நீளமுள்ள மெல்லிய கண்ணாடி இழைக்குள் விட்டார் டோனா. ஒரு துடிப்புக்குள் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமான பல நிறங்கள் உண்டு. (இந்த லேஸரின் நிறம் நம் கண்ணுக்குத் தெரியாதது, இருந்தாலும் ஒரு ஓரத்தைச் சிவப்பு என்றும் மறு ஓரத்தை நீலம் என்றும் பேச்சுக்குச் சொல்வது வழக்கம்.) இழைக்குள் சிவப்பு முந்தி ஓடும், நீலம் பின்தங்கும். வரிசை கட்டியாயிற்று! சுருக்குவதற்கு, மிக நெருக்கமாகக் கோடு கீறிய இரண்டு தகடுகள். பாட்டு சி.டி.யை வெயிலில் சாய்த்தால் வானவில் தெரியுமே, அந்த மாதிரி நிறம் பிரிக்கிற தகடு. அது சிவப்பைக் கொஞ்சம் சுற்று வழியில் அனுப்பும். நீலம் ஓடிவந்து சேர்ந்துகொள்ளும்.

இழையிலிருந்து வெளியே வந்த துடிப்பு சுமார் 300 பிக்கோ விநாடி. அதாவது அதன் நீளம் 9 சென்டிமீட்டர், உங்கள் நடுவிரல் அளவு. பலம் ஏற்றிச் சுருக்கியபின் 2 பிக்கோ விநாடி. நீளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு பொடி ரவை! விரல் நீள வெளிச்சத்தின் பலம் முழுவதும் ரவையளவுக்குள் அடைபட்டது.

சுருங்கியதா இல்லையா என்று அளந்து பார்க்கிற விசேஷக் காமிரா டோனாவின் அறையில் இல்லை. கூட வேலை செய்த ஒருவரின் காமிராவை ஒரு ராத்திரி அவர் அறைக்கு உருட்டிக்கொண்டு வந்து அளந்தார்கள். சரியாக வந்திருந்தது. அந்த ராத்திரியைத் தன்னால் மறக்கவே முடியாது என்று பிற்பாடு நோபல் விருந்தில் பேசும்போது சொல்லியிருக்கிறார். 1985 டிசம்பரில் கட்டுரை வெளிவந்தது. அவர் எழுதிய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை அதுதான். இன்னும் டாக்டர் பட்டம்கூடக் கைக்கு வரவில்லை.

"இதுக்கும் என் கண்ணுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" என்றாள் கவிதா. அங்கேதான் வருகிறேன்.

மூரூ பிறகு மிச்சிகன் யூனிவர்ஸிடிக்கு மாறினார். அங்கே 1990களின் தொடக்கத்தில் ஒரு மாணவர் லேஸரைச் சரிசெய்யும்போது வெளிச்சம் தவறிக் கண்ணில் பட்டுவிட்டது. பதறிப்போய்க் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சோதித்த இளம் டாக்டருக்கு ஒரே ஆச்சரியம். உள்ளே பட்ட காயம் கச்சிதமாக, அச்சில் வார்த்தது போல இருக்கிறது. சுற்றிலும் கருகல் இல்லை! இது என்ன லேஸர் என்று கேட்டுக்கொண்டு அவர் ஆராய்ச்சிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அதிலிருந்து கிளைத்ததுதான் இன்றைக்குக் கண் ஆஸ்பத்திரிகளில் இருக்கிற ஃபெம்டோ லேஸர்.

ஏன் கருகவில்லை? என் பாட்டி விறகடுப்பில் சமைத்தவள். அடுப்பிலிருந்து உருண்டு விழுந்த கங்கை இடுக்கி தேடாமல் விரலாலேயே எடுத்து உள்ளே போட்டுவிடுவாள். "சுடாதா பாட்டி?" என்றால், "சுட நேரம் குடுத்தாத்தானே சுடும்" என்பாள். சூடு பரவுவதற்கு நேரம் வேண்டும். ஒரு விநாடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி கோடியால் வகுத்து, அதையும் பத்தால் வகுத்தால் ஒரு ஃபெம்டோ விநாடி. அந்த நேரத்தில் வெளிச்சமேகூடத் தலைமயிர்க் கனத்தில் இருநூறில் ஒரு பங்கு தூரம்தான் போகும். கண் அறுவை லேஸரின் துடிப்பு சில நூறு ஃபெம்டோ விநாடி. சூடு பக்கத்துக்குப் பரவுமுன் பட்ட இடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. கைபேசிகளின் கண்ணாடியை விரிசல் விடாமல் வெட்டுவதற்கும் இந்த வகை லேஸரைப் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு விந்தை. நம் கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் கார்னியாவின் கனம் அரை மில்லிமீட்டர்தான். அதன் மேல்தோலைத் தொடாமல், பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் மட்டும் வெட்டுகிறதே லேஸர், எப்படி? ஒரு பெரிய அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி எவ்வளவு முக்கினாலும் அசையாது. இரண்டு மூன்று பேர் ஒரே நொடியில் கை கொடுத்தால் கிளம்பும். வெளிச்சத் துகள்களும் அப்படித்தான். ஒவ்வொன்றாக வந்தால் கார்னியாவை ஒன்றும் செய்யாமல் ஊடுருவிப் போய்விடும். நெருக்கியடித்துக் குவிகிற அந்தப் புள்ளியில் மட்டும் பல துகள்கள் சேர்ந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கிவிடும். அங்கே நுண்ணிய குமிழி ஒன்று உண்டாகும். குமிழி பக்கத்தில் குமிழியாக ஆயிரக்கணக்கில் வைத்துக்கொண்டே போனால் ஒரு மெல்லிய ஏடு பிரிந்துவிடும். பாலாடையைப் பிரிப்பது போல.

ஏட்டைத் தூக்கி ஒதுக்கிவிட்டு, அடியில் இருப்பதைச் செதுக்குவது வேறொரு லேஸர். அதற்கும் சமையலறைக்கும் சம்பந்தம் இருக்கிறது, கேளுங்கள். மதராஸ் யூனிவர்ஸிடியில் படித்துவிட்டு அமெரிக்கா போன ரங்கசாமி ஸ்ரீனிவாசன் என்ற ரசாயன விஞ்ஞானி, ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். 1981 நவம்பரில், அங்கே வான்கோழி சமைக்கிற நன்றிப் பண்டிகைக்கு மறுநாள், சாப்பிட்டு மீந்த எலும்பையும் குருத்தெலும்பையும் எடுத்துப்போய்ப் புற ஊதா லேஸரில் காட்டினார். கருகாமல் கோடு போட்ட மாதிரி செதுக்கியது! 1983ல் ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் டாக்டரோடு சேர்ந்து அதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். மீந்துபோன கறியில் பிறந்த வைத்தியம்.

அந்த அண்டா சங்கதிக்குத் திரும்புகிறேன். இரண்டு துகள்கள் ஒரே சமயத்தில் கை கொடுக்க முடியும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது யார் தெரியுமோ? அவரும் ஒரு பெண்தான். ஜெர்மனியில் 1930ல், 24 வயதில், டாக்டர் பட்டத்துக்காக அந்தக் கணக்கைப் போட்டார் மரியா கோப்பர்ட் மேயர். மெய்ப்பித்துக் காட்டும் அளவுக்கு வலுவான வெளிச்சம் அப்போது உலகத்தில் இல்லை. லேஸர் வந்த மறு வருஷம், 1961ல்தான் கண்ணால் கண்டார்கள்.

அந்த முப்பது வருஷத்தில் மரியாவின் பிழைப்பு எப்படி இருந்தது? அமெரிக்கக் கணவரோடு கப்பலேறிப் போனார். கணவருக்குப் பேராசிரியர் வேலை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் சம்பளம் வாங்கக் கூடாது என்ற விதியைக் காட்டி இவருக்கு ஒரு மூலை அறையும் சில்லறை வேலையும் கொடுத்தார்கள். பால்டிமோரிலும் அப்படி, சிகாகோவிலும் சம்பளமில்லாப் பேராசிரியை. இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, அணுக்கருவின் அமைப்பைப் பற்றி அவர் செய்த வேலைக்குத்தான் 1963ல் நோபல் பரிசு வந்தது. முழுச் சம்பளத்தோடு முழுப் பேராசிரியை ஆனது அதற்கு மூன்றே வருஷம் முன்னால், 53 வயதில்! பரிசுச் செய்திக்கு அந்த ஊர்ப் பத்திரிகை போட்ட தலைப்பில் அவர் பெயர்கூட இல்லை. 'ஸான்டியாகோ தாய்க்கு நோபல் பரிசு' என்கிற தினுசில் போட்டார்கள்.

டோனா தன் ஆராய்ச்சி ஏட்டில் மரியாவின் அந்தப் பழைய கணக்கைக் குறிப்பிட்டிருந்தார். அப்போது தெரிந்திருக்குமா, நோபல் வரிசையில் மரியாவுக்கு அடுத்து நிற்கப் போவது தான்தான் என்று?

டோனாவுக்குச் சம்பளமில்லாத கஷ்டம் இல்லை. ஆனால் அவர் போன பாதையும் நேர்ரோடு அல்ல. 1989ல் டாக்டர் பட்டம். ஒட்டாவாவில் மூன்று வருஷம், கலிபோர்னியாவில் ஒரு வருஷம். அவர் கணவரும் இதே துறைக்காரர். அவருக்கு நியூஜெர்ஸியில் வேலை. எத்தனை நாள்தான் ஆளுக்கொரு மூலையில் குடித்தனம் பண்ணுவது? 1992ல் டோனா பிரின்ஸ்டன் யூனிவர்ஸிடியில் ஒரு வேலையில் சேர்ந்தார். பேராசிரியர் பதவி அல்ல, டெக்னிகல் ஊழியர். உலகத்து லேஸர்கூடங்களெல்லாம் அவருடைய முறையில் இயங்கத் தொடங்கியிருந்த காலம் அது! 1997ல் கனடாவுக்குத் திரும்பி வாட்டர்லூ யூனிவர்ஸிடியில் உதவிப் பேராசிரியையாகச் சேர்ந்தபோது வயது 38. பெண் ஒன்று, பிள்ளை ஒன்று. ஆராய்ச்சிக்கூடம், வகுப்பு, வீடு என்று வருஷங்கள் ஓடின.

2018 அக்டோபர் 2ஆம் தேதி விடியற்காலையில் டெலிபோன் மணி அடித்தது. பௌதிகத்துக்கான நோபல் பரிசில் பாதி, வெளிச்சத்தால் நுண்பொருள்களைப் பிடிக்கிற இடுக்கி செய்த ஆர்தர் ஆஷ்கினுக்கு. அவருக்கு வயது 96. மீதிப் பாதி மூரூவுக்கும் டோனாவுக்கும். அதுவரை பௌதிகத்துக்காக இந்தப் பரிசு வாங்கிய பெண்கள் இரண்டே பேர். 1903ல் மேரி கியூரி, 1963ல் மரியா. நிருபர்கள் சொன்னபோது, இவ்வளவுதானா, இன்னும் சிலர் இருப்பார்கள் என்றல்லவா நினைத்தேன் என்றாராம். (பிறகு 2020ல் ஆண்ட்ரியா கெஸ், 2023ல் ஆன் லுயிலியே என்று இன்னும் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். ஆன் லுயிலியேவும் லேஸர்காரர்தான். அவருக்கு நோபல் செய்தி வந்தது வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது. பேசி முடித்துவிட்டு, திரும்பிப்போய் மிச்சப் பாடத்தையும் நடத்தினார். டீச்சர் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!)

எல்லோரும் புரட்டிப் பார்க்கும் விக்கிபீடியாக் கலைக்களஞ்சியத்தில் அன்று காலைவரை டோனாவைப் பற்றி ஒரு பக்கம் இல்லை. அதே வருஷம் யாரோ எழுதிக்கொடுத்ததை, இவர் அவ்வளவு முக்கியமானவர் என்பதற்கு ஆதாரம் போதாது என்று திருப்பியிருந்தார்கள். மூரூவுக்குப் பல வருஷம் முன்பே பக்கம் இருந்தது. இன்னொன்றும் தெரியவந்தது. நோபல் வாங்குகிற அன்றைக்கும் டோனா இணைப் பேராசிரியைதான். முழுப் பேராசிரியை அல்ல. ஏன் என்று கேட்டதற்கு, நான் விண்ணப்பமே போடவில்லை என்றார்.

இதைப் படித்தவர்கள் பலர், ஆகா, என்ன அடக்கம் என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. வேலைதான் முக்கியம், பதவி அல்ல என்று அவர் நினைத்திருக்கலாம். அது அவர் விருப்பம். ஆனால் நம்மில் எத்தனை பேர் 'இப்போ வேண்டாம்' என்று விண்ணப்பத்தை எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறோம்! தலைமை ஆசிரியை பதவிக்கு எழுதிப் போடச் சொன்ன வருஷம், "பையன் பத்தாவது படிக்கிறான்" என்று நானே மடித்து வைத்தவள்தான். அதை யாரும் அடக்கம் என்று மெச்சவில்லை. என்னைவிட ஐந்து வருஷம் இளையவரின் கீழ் வேலை பார்த்தேன், அவ்வளவுதான். டோனா நோபலுக்குப் பிறகு எழுதிப் போட்டார், உடனே கிடைத்தது.

செல்விக்கு இதற்குள் பொறுமை போய்விட்டது. "கதை நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா. பண்ணிக்கலாமா, கூடாதா?"

பண்ணிக்கொள்ளலாமா என்பதைச் சொல்ல வேண்டியது கண்ணைச் சோதிக்கிற டாக்டர். என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், கவிதாவுக்கு 23. கண்ணாடியின் பவர் ஒரு வருஷமாவது மாறாமல் நின்றிருக்க வேண்டும். கார்னியாவின் கனத்தையும் வடிவத்தையும் கட்டாயம் அளக்க வேண்டும். மெலிந்தோ கூம்பியோ இருந்தால் இந்தச் சிகிச்சை ஆகாது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் சோதனைக்கு எத்தனை நாள் முன்பே கழற்றி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கண் வறட்சி ஏற்கெனவே இருந்தால் சொல்லிவிட வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு அது சில மாதம் கூடலாம். ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் சிலருக்கு உண்டு. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் தள்ளிப்போடுவதுதான் சரி. அந்தக் காலத்தில் உடம்பின் சுரப்புகள் மாறுவதால் கண்ணின் பவரே மாறி நிற்கும். தப்பு அளவுக்குச் செதுக்கிவிடக் கூடாது. நாற்பதுக்கு மேல் வருகிற வெள்ளெழுத்தை இது தடுக்காது. 'கத்தி இல்லை' என்பதால் அறுவை இல்லை என்று அர்த்தமல்ல. வெளிச்சத்தால் செய்கிற அறுவை இது. ஒரு தடவை செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

"தை மாசத்துக்குள்ளே" என்று நாள் குறித்துக்கொண்டு போகிற விஷயமில்லை என்பதைச் செல்வியிடம் தனியாகச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டாருக்காக அல்ல, வேண்டுமென்று கவிதாவுக்குத் தோன்றினால் பண்ணிக்கொள்ளட்டும்.

கவிதா தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "அந்த டோனா அம்மா படம் இருக்கா டீச்சர்?" என்றாள். கைபேசியில் தேடி எடுத்துக் காட்டினேன். வெளிர் நிறக் குட்டை முடி, வாய் நிறையச் சிரிப்பு. செல்வி எட்டிப் பார்த்தாள். கைபேசியை வாங்கி இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"ஏன் டீச்சரம்மா, இந்தம்மாவே கண்ணாடி போட்டிருக்காங்களே!"

ஆமாம். லேஸர்மேல் தனக்கு நிறைய நம்பிக்கை உண்டு, ஆனால் தன் கண்ணருகே யாரும் அதைக் கொண்டுவர விடமாட்டேன் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதை நான் செல்வியிடம் சொல்லவில்லை; கவிதாவிடமும் சொல்லவில்லை. வருகிற புதன்கிழமை சோதனைக்குப் போகிறார்கள்.